எட்டுப் பல்லுக்கு ஒரு மயக்கம்

1

நேற்று பட்டறையில் நிற்கும்போது போன் வந்தது. மகன் படிக்கிற பள்ளிக்கூடத்தில் இருந்து. அறுப்பு மெஷினை நிறுத்திவிட்டுத்தான் எடுத்தேன். எடுப்பதற்குள் கை வேர்த்துவிட்டது.

டீச்சர் கேரளத்துக்காரர். தமிழ் ஓரளவு வரும். "கவின் கிளாஸ்ல ரொம்பப் பேசுறான். பக்கத்துல இருக்கிற பிள்ளையையும் எழுத விடுறதில்ல. நீங்க வீட்ல கண்டிக்கணும்" என்றார்.

"சரிங்க டீச்சர்" என்றேன்.

போனை வைத்துவிட்டு பிளைவுட் அடுக்கின் மேல் உட்கார்ந்தேன். கூட வேலை பார்க்கிற முருகேசன் வந்து நின்றான்.

"என்னண்ணே, யாருக்கு என்ன?"

"பையன் ரொம்பப் பேசுறானாம்."

"பேசுனா நல்லதுதானண்ணே. அதுக்கு ஏன் மூஞ்சி இப்புடிக் கெடக்கு?"

வேலை நேரத்தில் போன் அடித்தால் எனக்கு இப்படித்தான். ஒரு வருடமாக இப்படி.

நான் கோட்டையூர்க்காரன். தச்சு வேலை. எட்டாவதோடு படிப்பு நின்றது. மஸ்கட் வந்து ரொம்ப வருடம் ஆகிவிட்டது. மனைவி செல்வி. மகன் கவின், ஐந்து வயது. இங்கே பிறந்தவன். போன வருடம் லீவில் காரைக்குடிக்குக் கொண்டுபோய், முழு மயக்கம் கொடுத்து அவனுக்குப் பல் வைத்தியம் பார்த்தோம். அப்போது நாலு வயது.

அது தெரிந்து ஊரில் இருந்தும் இங்கிருந்தும் சிலர் கேட்கிறார்கள். பல்லுக்குப் போய் மயக்க மருந்தா, பிள்ளை தாங்குமா, அப்புறம் எப்படி இருக்கிறான் என்று. போனில் எனக்கு நீளமாகப் பேச வராது. அதனால் எழுதுகிறேன். வைத்தியம் எனக்குத் தெரியாது. நடந்தது தெரியும்.

2

முன்பெல்லாம் அவன் பேசமாட்டான். தண்ணி, வேண்டாம், தூக்கு, போ. அவ்வளவுதான்.

நாங்கள் இருக்கிற கட்டடத்தில் மேல்வீடு மலையாளம், எதிர்வீடு உருது. கடைக்காரர் அரபு. பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ். "நாலு பாஷைக்கு நடுவுல புள்ள குழம்பிட்டான், வெளிநாட்டுல வளர்ற புள்ளைக அப்படித்தான்" என்று பார்க்கிறவர்கள் எல்லாம் சொன்னார்கள். நானும் நம்பினேன். பிள்ளை நம்மை விட்டு விலகிப் போகிறது இப்படித்தான் ஆரம்பிக்கும் போல என்று பயந்தேன். பயந்தது சரி. எதற்குப் பயப்பட வேண்டும் என்பதுதான் தெரியவில்லை.

சாப்பாடு குழைந்த தயிர்சாதம். இல்லாவிட்டால் பாலில் நனைத்த ரொட்டி. கறித்துண்டு கொடுத்தால் கன்னத்தில் ஒதுக்கி வைத்துக்கொண்டே இருப்பான். கடைசியில் துப்புவான். செல்வி அதட்டுவாள். தூக்கத்தில் முனகுவான். கெட்ட கனவு என்று திருநீறு பூசிவிடுவோம். பார்க்கில் மற்ற பிள்ளைகளைத் தள்ளிவிடுவான். பிடிவாதக்காரன் என்று பெயர் எடுத்திருந்தான்.

முன்பல் பழுப்பாக இருந்தது தெரியும். பால் பல்தானே, விழுந்து முளைக்கும் என்று விட்டிருந்தோம்.

ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது ஒரு பக்கக் கன்னம் வீங்கியிருந்தது. கண் இடுங்கிப் போயிருந்தது. கம்பெனி டாக்டர் பார்த்துவிட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக்கொடுத்தார். அங்கே இன்சூரன்ஸ் கவுண்டரில் இருந்தவர் கார்டைத் திருப்பித் தந்தார்.

"பல் இதுல வராது."

"பல்லு உடம்புல சேராதா சார்?"

"உடம்புல சேரும். பாலிசில சேராது."

அவர் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை.

பல் டாக்டர் படம் எடுத்துப் பார்த்தார். எட்டுப் பல் கெட்டிருந்தது. இந்த வயதில் நாற்காலியில் உட்கார்த்தி வைத்து அத்தனையும் செய்ய முடியாது, முழு மயக்கம் கொடுத்து ஒரே தடவையில் முடிக்க வேண்டும் என்றார். வீக்கத்துக்கு மருந்து கொடுத்தார். ஆபரேஷனுக்குத் தேதி கேட்டால் இன்னொரு காகிதம், அதற்கு ஒரு கையெழுத்து, அதற்கப்புறம் பல மாதம் என்றார்கள்.

செல்வி அன்று வீட்டுக்கு வந்ததும் சொன்னாள்: "என்னமும் ஒண்ணுன்னா இங்க யாரு வந்து நிப்பா? ஊருக்குக் கொண்டு போயிருவோம்ங்க. பயந்தாலும் நம்ம ஆளுகளோட இருந்து பயப்படுவோம்."

டிக்கெட் போட்டேன்.

3

காரைக்குடியில் என் அக்கா வீட்டில் இறங்கினோம். அக்கா பெயர் வள்ளி. வாய் ஓயாது. எனக்கும் சேர்த்து அவள் பேசிவிடுவாள்.

"பல்லுக்கா மயக்க ஊசி? ஏண்டா சம்முகம், நம்ம பல்லையெல்லாம் கதவுல நூலக் கட்டித்தானடா புடுங்குனோம்?"

"எட்டுப் பல்லு, அக்கா."

"எட்டா?" என்று வாயை மூடிக்கொண்டாள். கொஞ்ச நேரம்தான்.

தெருவில் சேதி பரவியது. வந்தவர்கள் எல்லாரும் ஒரு கதை வைத்திருந்தார்கள். யாருக்கோ மயக்கம் தெளியவே இல்லையாம். யார் பிள்ளைக்கோ அப்புறம் புத்தி மந்தமாகிவிட்டதாம். எந்த ஊர், யார் பிள்ளை என்று கேட்டால் தெரியாது. ஆனால் நடந்தது நிசம் என்பார்கள். செல்வி உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள். அக்கா கடைசியில் வாசலிலேயே நின்று, "புள்ளையப் பாக்க வந்தா பாத்துட்டுப் போங்க. கதை சொல்றதா இருந்தா அங்குட்டு நின்னு சொல்லுங்க" என்று சொல்லிவிட்டாள்.

காரைக்குடிப் பல் டாக்டர் ஒரு அம்மா. சின்ன வயது. கவின் வாயைப் பார்த்துவிட்டு, ராத்திரி என்ன குடிப்பான் என்று கேட்டார்.

"பால் டாக்டர். புட்டியில குடிச்சுக்கிட்டே தூங்கிருவான்" என்றாள் செல்வி. "ஆனா வெள்ளைச் சீனி தொடவே மாட்டோம். பனங்கற்கண்டுதான். ஒவ்வொரு லீவுக்கும் இங்க இருந்துதான் வாங்கிட்டுப் போவோம். சளி பிடிக்காதுன்னு."

அவள் அதைப் பெருமையாகத்தான் சொன்னாள். எனக்கும் பெருமைதான். வெளிநாட்டில் இருந்தும் பிள்ளையை நம் சாமான் கொடுத்து வளர்க்கிறோம் என்று.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "பல்லுக்கு ரெண்டும் ஒண்ணுதாம்மா. ராவெல்லாம் வாயில நின்னா எந்த இனிப்பும் அரிக்கும்" என்றார்.

செல்வி என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

4

ஆபரேஷன் அன்று விடியும் முன்பிருந்தே எதுவும் கொடுக்கக் கூடாது என்று மயக்க டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். வயிற்றில் ஏதாவது இருந்தால் மயக்கத்தில் மேலே வந்து மூச்சில் அடைக்கும் என்றார். அதைக் கேட்டதில் இருந்து அக்கா சமையலறைக் கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். வாசனை வந்தால் பிள்ளை கேட்பான் என்று அடுப்பே பற்றவைக்கவில்லை. யாரும் காப்பிகூடக் குடிக்கவில்லை.

அவன் கேட்கவில்லை. எழுந்தான். கையில் ஒரு பொம்மை லாரியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பக்கத்து வீட்டில் இட்லி வெந்தது. வாசனை வந்தது. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"எம்புட்டு சமத்து பாரு என் மருமகன்" என்றாள் அக்கா.

ஆஸ்பத்திரியில் பல் டாக்டரிடமும் அதையே சொன்னாள். "காலைல இருந்து பச்சத் தண்ணி கேக்கல டாக்டர். அழுகவும் இல்ல."

டாக்டர் அவன் தலையைத் தடவினார். "சாப்பிட்டா வலிக்கும்மா இவனுக்கு. சாப்பிடச் சொல்லாம விட்டா அது இவனுக்கு நிம்மதி" என்றார்.

சாதாரணமாகத்தான் சொன்னார். பசியில் ஒரு பிள்ளை நிம்மதியாக இருந்திருக்கிறான். எத்தனை காலை இப்படி இருந்தானோ.

கையெழுத்துக் காகிதம் வந்தது. இங்கிலீஷில் இருந்தது. அதைக் கொண்டுவந்த பையனிடம் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டேன்.

"எல்லாருக்கும் போடுறதுதாண்ணே."

அக்கா விடவில்லை. "எல்லாருக்கும் போடுறதுன்னா என்னப்பா? படிச்சுச் சொல்லு."

அவன் படித்தான். தமிழில் மாற்றிச் சொல்லிக்கொண்டே வந்தவன் ஒரு இடத்தில் நிறுத்தினான். அப்புறம் மெதுவாக, உயிருக்கு ஆபத்து நேர்ந்தால், என்று சொன்னான்.



"கேக்காமலே இருந்திருக்கலாம்" என்றாள் அக்கா.

கையெழுத்துப் போட்டேன்.

5

தியேட்டர் வாசலில் நர்ஸ் அவனுக்குப் பச்சை அங்கியை மாட்டினார். அப்போது இடுப்பைப் பார்த்தார். கறுப்பு அரைஞாண் கயிறு. அதில் வெள்ளித் தாயத்து.

"உலோகம் உள்ள போகக் கூடாது. இதை எடுத்துருங்க" என்றார். முடிச்சு இறுகிக் கல்லாக இருந்தது. நகத்தால் நெம்பிப் பார்த்தார். வரவில்லை. கத்திரியை எடுத்தார்.

"நில்லுங்க" என்றேன்.

என் சத்தம் எனக்கே பெரிதாகக் கேட்டது. கவின் பயந்து என் சட்டையைப் பிடித்தான்.

எங்கள் பக்கத்தில் அரைஞாணைச் சும்மா அறுக்க மாட்டோம். புதுசு கட்டிவிட்டுத்தான் பழசை எடுப்போம். வெறும் இடுப்பாக ஒரு நொடி இருக்கக் கூடாது. புதுசு கட்டாமல் அறுப்பது ஒரே ஒரு நேரத்தில்தான். பிணத்தைக் குளிப்பாட்டும்போது கயிற்றை அறுப்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அதை அந்த வாசலில் நின்று எப்படிச் சொல்வது? செல்விக்கும் தெரியும். அவள் முகம் வெளுத்துவிட்டது.

உள்ளே இருந்து மயக்க டாக்டர் எட்டிப் பார்த்தார். "என்ன சிஸ்டர், லேட்டாகுது?"

அக்காதான் பேசினாள். "புதுசு கட்டாமப் பழசத் தொடக் கூடாது சிஸ்டர். கோவிச்சுக்கிறாதீக. ஒரு கயிறு கெடைச்சாப் போதும்."

நர்ஸ் கழுத்தில் சின்னச் சிலுவை தொங்கியது. அவர் கோபப்படவில்லை. "எங்க வீட்டுலயும் அறுக்க விட மாட்டாகக்கா. எங்கம்மா இருந்தா என்னைய இந்நேரம் அடிச்சிருக்கும்" என்றார். டாக்டரைப் பார்த்து, "ரெண்டு நிமிசம் சார்" என்றார். கட்டுப்போடுகிற துணியில் நீளமாக ஒரு கீற்றுக் கிழித்து என் கையில் கொடுத்தார். "இதுல இரும்பு இல்ல. முறுக்குங்க."

முறுக்கினேன். பதினைந்து வயதில் இருந்து கயிறும் மரமும் பிடித்த கை. முறுக்கியதை அவன் இடுப்பில் சுற்றி முடிச்சுப் போட வரவில்லை. நுனி கையில் நிற்கவில்லை. செல்வி என் கையைத் தள்ளிவிட்டு அவளே கட்டினாள்.

அதற்கப்புறம் நர்ஸ் பழசை அறுத்தார். தாயத்தோடு என் உள்ளங்கையில் வைத்தார். சூடாக இருந்தது. அவன் உடம்புச் சூடு.

கதவு மூடியது.

6

அந்தக் கதவு சரியாகத் தொங்கவில்லை. கீழ்க் கீல் தளர்ந்திருந்தது. மூடினாலும் ஒரு விரல் இடைவெளி. அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். இடைவெளியில் வெளிச்சம் மட்டும் தெரிந்தது. மெஷின் ஒன்று டிக் டிக் என்று சத்தம் போட்டது. அது நிற்காமல் இருந்தால் போதும் என்று நினைத்தேன். ஒரு தடவை நின்றது. செல்வி எழுந்துவிட்டாள். திரும்பக் கேட்டது. உட்கார்ந்தாள். அதற்கப்புறம் என் கையை விடவில்லை. கல்யாணம் ஆகி நாலு பேர் முன்னால் அவள் என் கையைப் பிடித்தது அன்றுதான்.

ரொம்ப நேரம் கழித்துக் கூப்பிட்டார்கள்.

கட்டிலில் கிடந்தான். வாயோரம் ரத்தம். கண் திறந்திருந்தது. "கவினு" என்றேன். என்னைப் பார்த்தான். பார்த்தான் என்று சொல்ல முடியாது. கண் என் பக்கம் இருந்தது. திடீரென்று கத்தினான். கையைக் காலை உதறினான். தூக்கப் போன என் நெஞ்சில் எட்டி உதைத்தான். செல்வியைத் தள்ளினான். யார் என்று அவனுக்குத் தெரியவில்லை.

"மயக்கம் தெளியறப்ப சில பிள்ளைங்க இப்படித்தான் பண்ணுவாங்க. சரியாயிரும்" என்றார் மயக்க டாக்டர்.

அவருக்கு அது தினமும் பார்க்கிற காரியம். எனக்குத் தெருவில் கேட்ட கதை எல்லாம் ஞாபகம் வந்தது. உள்ளே போன பிள்ளை வேறு, வெளியே வந்த பிள்ளை வேறு என்று நினைத்தேன். இப்படியே இருந்துவிட்டால் என்ன செய்வது என்று நினைத்தேன். டாக்டரிடம் கேட்க வாய் வரவில்லை.

கத்திக் கத்தி ஓய்ந்தான். அப்புறம் மெதுவாக, "வெள்ளம்" என்றான். "வெள்ளம் வேணம்."

"என்னடா சொல்லுது புள்ள?" என்றாள் அக்கா.

"மேல்வீட்டு மலையாளம் மதினி. தண்ணி கேக்குறான்" என்றாள் செல்வி. சொல்லும்போதே அழுதுவிட்டாள்.

மலையாளமோ அரபோ, கேட்டது என் பிள்ளைதான். அவன் தமிழ் பேசவில்லை என்று அன்றைக்கு எனக்கு வருத்தமே வரவில்லை.

7

நாலு பல்லை எடுத்திருந்தார்கள். நாலு பல்லுக்கு வெள்ளி நிறத்தில் தொப்பி. கண்ணாடியில் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டான்.

"என் மருமகனுக்கு வெள்ளிப் பல்லு கட்டியிருக்காக. இந்தத் தெருவுல எவனுக்குடா இருக்கு?" என்று அக்கா வாசலில் நின்று சத்தம் போட்டாள். தெருப் பிள்ளைகள் பார்க்க வந்தார்கள். ஒருத்தன், "எனக்கும் ஒண்ணு வேணும்" என்று அவன் அம்மாவிடம் அழுதான். கவின் வாயில் இருந்து கையை எடுத்தான்.

கொஞ்ச நாள் கழித்து அக்கா தேன்குழல் சுட்டாள். எங்களுக்குத்தான். அவன் வந்து தட்டில் இருந்து ஒன்றை எடுத்தான். "வேணாம்டா" என்று நான் எழுவதற்குள் பக்கவாட்டில் வைத்துக் கடித்துவிட்டான். நொறுங்கிய சத்தம் கேட்டது. கடித்தபடியே நின்றான். இன்னொரு கடி. மறுபடி நின்று அந்தச் சத்தத்தைக் கேட்டான். எங்களுக்குப் பயம். தொப்பி கழன்று தொண்டைக்குள் போய்விடுமோ என்று எனக்கு. அழப்போகிறான் என்று செல்விக்கு. அவன் அடுத்ததை எடுத்தான்.

அன்று ராத்திரி முனகவில்லை. அதுவும் பயமாகத்தான் இருந்தது. செல்வி அவன் மூக்கடியில் விரலை வைத்துப் பார்த்தாள். அவள் தூங்கியதும் நான் வைத்துப் பார்த்தேன்.

திரும்பக் காட்டப் போனபோது டாக்டர் வரிசையாகக் கேட்டார். சாப்பிடுகிறானா, தூங்குகிறானா, விளையாடுகிறானா, சிரிக்கும்போது வாயை மறைக்கிறானா. எல்லாவற்றுக்கும் நல்லபடியாகச் சொன்னோம். "இதுக்கு முன்னாடி எப்படி இருந்தான்?" என்று கேட்டார்.

"நல்லாத்தான் இருந்தான்" என்றேன்.

டாக்டர் சீட்டில் எழுதிக்கொண்டார். வெளியே வந்ததும் செல்வி கேட்டாள்: "நல்லாவா இருந்தான்?"



பேச்சு அதற்கப்புறம்தான் வந்தது. மழைத் தண்ணி உடைத்துக்கொண்டு வருகிற மாதிரி வந்தது. அக்காவிடம் பிடித்துக்கொண்ட பேச்சு. மஸ்கட் ஏர்போர்ட்டில் முத்திரை குத்துகிற அதிகாரியிடம் வெள்ளிப் பல்லைக் காட்டி, "இங்குட்டு நாலு இருக்கு" என்று கணக்குச் சொன்னான். அவர் என்ன விளங்கிக்கொண்டாரோ, சிரித்துக்கொண்டே குத்தினார். நாலு பாஷை அவனைக் குழப்பவில்லை. வாய் திறந்தால் வலித்திருக்கிறது. அவ்வளவுதான்.

8

போன வெள்ளிக்கிழமை மூன்று பேரும் உட்கார்ந்து மத்தியானம் சாப்பிட்டோம். எனக்குத் தோள்பட்டை ரொம்ப நாளாகச் சரியில்லை. பலகை தூக்கித் தூக்கி வந்தது. ரசக் கிண்ணத்தை எட்டி எடுக்கும்போது பிடித்தது. முகம் சுருங்கியிருக்க வேண்டும். கவின் பார்த்துவிட்டான்.

"அப்பா, ஒங்களுக்கு எப்ப எடுப்பாக?"

"என்னத்தடா?"

"வலிய."

எனக்கு விளங்கவில்லை. செல்விதான் கேட்டாள். "என்ன வலிடா?"

"சாப்புட்டா வலிக்கும்ல, அது. எனக்குத் தூங்க வச்சு எடுத்துட்டாக. ஒங்களுக்கும் அம்மாவுக்கும் இன்னும் எடுக்கலைல?"

செல்வியின் கை தட்டில் நின்றது.

"எங்களுக்குச் சாப்புட்டா வலிக்காதுடா" என்றேன்.

நம்பவில்லை. என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான். "எப்பவுமா?" என்றான்.

"எப்பவும்."

யோசித்தான். எல்லாருக்கும் வலிக்கும், எல்லாரும் வலியோடுதான் சாப்பிடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு இருந்திருக்கிறான். பல் முளைத்ததில் இருந்து அப்படித்தான் இருந்திருக்கிறது போல. அவனுக்கு வேறு எதுவும் தெரியாது.

"அப்ப ஏன்டா எங்கள்ட்ட சொல்லல?" என்றாள் செல்வி.

"நீங்களும் சொல்லலையே" என்றான். சொல்லிவிட்டுச் சோற்றைப் பிசைந்தான்.

செல்வி என் பக்கம் திரும்பினாள். "நீங்க என்னைக்கு வாயத் தொறந்து, இங்க வலிக்குதுன்னு சொல்லியிருக்கீக? ஆணி ஏறுனாலும் துணியச் சுத்திக்கிட்டு வந்து உக்காருவீக. புள்ள வேற யாரப் பாத்துப் படிக்கும்?"

அவள் சொன்னது நிசம். நாங்கள் அப்படி வளர்ந்தவர்கள். வலியைச் சொல்வது வெட்கம். சொல்லாமல் இருப்பதுதான் ஆம்பளைக்கு அழகு என்று நினைத்திருந்தேன். அதை நாலு வயதுப் பிள்ளை பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறான்.

மயக்க மருந்துக்குப் பயப்படுகிறவர்களுக்கு நான் சொல்ல முடிந்தது இதுதான். அந்தப் பயம் ஒரு காலைப் பொழுதில் முடிந்துவிட்டது. இந்தப் பயம் முடியவில்லை. வேறு என்னென்ன எல்லாருக்கும் இருக்கும் என்று நினைத்துக்கொண்டு இருக்கிறானோ? காதிலா, வயிற்றிலா, பள்ளிக்கூடத்திலா? எனக்கு எப்படித் தெரியும்?

வெள்ளிக்கிழமையில் இருந்து ஒரு காரியம் செய்கிறேன். வேலைக்குக் கிளம்புமுன் அவன் பக்கத்தில் உட்கார்ந்து முதலில் என்னுடையதைச் சொல்கிறேன். தோள் வலிக்குது, இன்றைக்குக் கொஞ்சம் கூட. சொல்ல வாய் கூசுகிறது. சொல்லிவிடுகிறேன். அப்புறம் அவனைக் கேட்கிறேன், உனக்கு எங்கேயாவது வலிக்குதா என்று.

"இல்லப்பா" என்கிறான்.

நான் உடனே எழுந்து போவதில்லை. அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருக்கிறேன். கீழே கம்பெனி வண்டி ஹாரன் அடிக்கிறது.